இரண்டு ‘நிறுத்து’, ஒரு கடிகாரம்

வீட்டுக்கு வானொலிக் கடிகாரம் ஒன்றை ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். காலை ஐந்தரைக்கு எழுப்ப வேண்டும், இரவில் பாட வேண்டும், அவ்வளவுதான். வானொலி, அலாரம் என இரண்டு இன்டர்ஃபேஸ், அதாவது என்னென்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல்கள். இரண்டையும் ஏற்று, அவற்றை எப்படிச் செய்வது என்று எழுதிவைக்கும் கிளாஸ் ஒன்று. பெயர்களைத் தமிழிலேயே வைத்தேன், ஜாவா மறுப்பதில்லை.

இரண்டிலும் நிறுத்து() என்ற மெத்தட், அதாவது ஒரு செயல், இருந்தது. பெயர் மட்டும் உள்ள வெறும் அறிவிப்பாக இருந்தவரை வம்பில்லை. கிளாஸில் ஒருமுறை எழுதினால் இரண்டுக்கும் ஆயிற்று. 2014-இல் வந்த ஜாவா 8 முதல் இன்டர்ஃபேஸுக்குள்ளேயே டிஃபால்ட் மெத்தட், அதாவது கிளாஸில் எழுதாவிட்டால் ஓடும் செயல், எழுதலாம். ஆசைப்பட்டு இரண்டிலும் எழுதி, கிளாஸில் இருந்ததை அழித்தேன். தொடர்பில்லாத இரண்டு டிஃபால்ட்கள் வருகின்றன என்று, நிரலைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலர் மறுத்துவிட்டது. சரியென்று கிளாஸில் மீண்டும் நிறுத்து() எழுதி, அதற்குள் வானொலி.சூப்பர்.நிறுத்து(), அலாரம்.சூப்பர்.நிறுத்து() என்று, அந்தந்த இன்டர்ஃபேஸின் டிஃபால்டை அழைக்கும் இரண்டு வரி சேர்த்தேன். பிழை போயிற்று.

மறுநாள் ஏழு மணிக்குத்தான் விழித்தேன். அலாரத்தின் நிறுத்து() சத்தத்தை அடக்குவதோடு, அடுத்து ஒலிக்கும் நேரத்தில் ஒரு நாளையும் கூட்டிவிடும். இரவு பத்து மணிக்குப் பாட்டை நிறுத்தியபோதே விடியற்கால அலாரம் ஒரு நாள் தள்ளிப்போய்விட்டது! அலாரம் ஒலித்துக்கொண்டிருந்தால் மட்டும் அந்த வரி ஓடட்டும் என்று ஒரு நிபந்தனை போட்டேன். ஒட்டுப்போட்ட வேலைதான்.

இடையில் ஒரு சோதனை. என் நிறுத்து()ஐ எடுத்துவிட்டு, என் கிளாஸ் வாரிசாக வரும் மின்கருவி என்ற தாய் கிளாஸில் ஒரு நிறுத்து() வைத்தேன். கம்பைலர் வாயே திறக்கவில்லை. தாய் கிளாஸில் இருப்பது டிஃபால்ட்களை வென்றுவிடும் என்பது விதி. இரண்டும் ஓடாமல் போயின. பிழை காட்டும் கம்பைலரைவிட இந்த மௌனம்தான் எனக்குப் பயம்.

கடைசியில் நிலை() கழுத்தறுத்தது. வானொலியில் அது ஒலியளவைத் தரும் முழு எண். அலாரத்தில் ‘காத்திருக்கிறது’ என்பதுபோல் ஒரு ஸ்ட்ரிங், அதாவது எழுத்துச்சரம். பெயர் ஒன்று, திருப்பித் தரும் வகை வேறு. ஜாவாவில் ஒரே கிளாஸ் இரண்டையும் ஏற்க வழியே இல்லை. சி ஷார்ப் என்ற இன்னொரு நிரல்மொழியில் இன்டர்ஃபேஸ் பெயரை முன்னால் ஒட்டித் தனித்தனியாக எழுதிவிடலாம். பொறாமையாக இருந்தது.

அதனால் அலாரத்தைத் தனி கிளாஸாக்கி, கடிகாரத்துக்குள் ஓர் உறுப்பாக வைத்துவிட்டேன். நிபந்தனை வரியும் தேவையில்லாமல் போயிற்று. இன்றிரவு பத்து மணிக்குப் பாட்டை நிறுத்திவிட்டுப் படுக்கிறேன்; கைப்பேசியிலும் ஒரு அலாரம் வைத்திருக்கிறேன்.