ஒன்றரை ஷிப்டா, இரண்டு ஷிப்டா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் எட்டு மணி நேர ஷிப்ட் முடிந்த பிறகு மேலும் நான்கு மணி நேரம் தைத்தவருக்கு ‘ஒன்றரை ஷிப்ட்’ என்று எழுதுவது நெடுநாள் வழக்கம். சம்பளக் கணக்கு எழுதுவதே என் பிழைப்பு என்பதால் இந்தக் கணக்கைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஷிப்டுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை ஷிப்டுக்கு 750 ரூபாய் கொடுக்கப்படுகிறது. ஆனால் கூடுதல் நேரத்துக்கு (ஓ.டி.) இரட்டிப்புக் கூலி தர வேண்டும் என்பதுதான் சட்டம். அதன்படி அந்த நான்கு மணி நேரத்துக்கே 500 ரூபாய் சேர வேண்டும். ஆக, அது இரண்டு ஷிப்ட் சம்பளம்.

இது புதிதாக வந்த விதியன்று. நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற எல்லைகளில் எதைத் தாண்டினாலும் இரட்டிப்புக் கூலி உண்டு என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 59ஆம் பிரிவில் சொல்லியது. ஆறு நாளும் எட்டு மணி நேரம் வேலை என்றால் அதிலேயே 48 மணி நேரம் நிறைந்துவிடும்; அதற்கு மேல் தைக்கும் நான்கு மணியும் கூடுதல் நேரம்தான். ‘பீஸ் ரேட்காரனுக்கு ஏது ஓ.டி.?’ என்று, உருப்படிக்கு இத்தனை எனக் கூலி வாங்கும் தையல்காரர்களே கேட்பதுண்டு. அதே பிரிவு அவர்களுக்கும் வழி சொல்லியிருந்தது. அதே வேலையில் முந்தைய மாதம் அவர்கள் ஈட்டிய சராசரி நாள் வருமானத்தை, ஓ.டி. தொகையை நீக்கிவிட்டு, அடிப்படையாகக் கொள்ள வேண்டும். அந்தச் சராசரி எட்டு மணி நேரத்துக்கு 640 ரூபாய் என்றால், கூடுதலான ஒவ்வொரு மணிக்கும் 160 ரூபாய்.

கொரோனா காலத்தில் குஜராத் அரசு, கூடுதல் நேரத்துக்குச் சாதாரணக் கூலியே போதும் என்று 2020 ஏப்ரலில் அறிவிக்கை வெளியிட்டது. பெருந்தொற்று, சட்டம் குறிப்பிடும் ‘பொது அவசரநிலை’ ஆகாது என்று கூறி உச்ச நீதிமன்றம் அக்டோபர் 1 அன்று அதை ரத்து செய்ததோடு, அந்தக் காலத்துக்கான மிகைநேரக் கூலியையும் தரச் சொன்னது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. இரட்டிப்புக் கூலி அவற்றிலும் நீடிக்கிறது. தொழிலாளியின் சம்மதத்தின் பேரில்தான் மிகைநேர வேலை வாங்கலாம் என்பது வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. எனினும், கம்பெனி வேன் இரவில்தான் புறப்படும் என்றால், மாலையிலேயே மெஷினை விட்டு எழும் பெண் எப்படி ஊர் போய்ச் சேருவார்? அத்தகைய சம்மதத்தைச் சம்மதம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. தொழிலாளர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, ஊதியத்தின் வரையறை. பழைய சட்டம் அடிப்படைச் சம்பளத்தோடு படிகளையும் சேர்த்து இரட்டிப்பாக்கியது. புதிய வரையறையோ வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி போன்றவற்றை விலக்குகிறது. விலக்கப்படுபவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை மட்டும் ஊதியத்தில் சேரும்.

முதலாளிகள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. கப்பல் தேதி தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவு அவர்கள் தலையில்தான் விழும்; சரக்கை வாங்கும் பையர் கொடுக்கும் விலையில் இரட்டிப்புக் கூலிக்கு இடமே இருப்பதில்லை. அதற்காக ஆடிட்டில் காட்ட ஒரு நோட்டும் உண்மையான பட்டுவாடாவுக்கு ஒரு நோட்டும் வைத்துக்கொள்வது அவர்களுக்கே ஆபத்து. ஏனெனில் அந்த நான்கில் ஒன்றான ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, கூலி கொடுத்தாகிவிட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. பாக்கியைக் கோர மூன்று ஆண்டு அவகாசமும் உண்டு. கோரிக்கை சரியென்று கண்டால், பாக்கியோடு அதைப் போலப் பத்து மடங்கு வரை இழப்பீடும் தரும்படி உத்தரவிட, கோரிக்கையை விசாரிக்கும் அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது.