இடது முடிச்சு

இரண்டு ஷூவிலும் லேஸ் அவிழ்ந்து கிடந்தது. பையன் குனிந்து வலது லேஸைப் பிடித்தான். சட்டென்று விட்டுவிட்டு இடதுக்கு மாறினான்.

லண்டனில் யூதர்கள் நிறைய வாழும் ஸ்டாம்ஃபர்ட் ஹில், காலை நேர பஸ் நிறுத்தம்.

அவன் அப்பாவிடம் கேட்டேவிட்டேன். சிரித்தார். யூதச் சட்டப்படி மாட்டுவது வலது கால் முதலில். ஆனால் முடிச்சு போடுவது இடதில்தான் முதலில். கழற்றும்போதும் இடதுக்கே முதலிடம்.

காரணம், காலைத் தொழுகையில் தெஃபிலின் என்ற சிறு தோல்பெட்டியை வாரால் இடது கையில்தான் கட்டுவார்கள். அதனால் கட்டு என்று வந்தால் இடதுக்கு மரியாதை. 16-ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் யோசேப் காரோ தொகுத்த சட்டநூலிலேயே இருக்கிறது.

வலதுக்கும் மனக்குறை இல்லை, இடதுக்கும் இல்லை. இரண்டு பிள்ளை பெற்றவர் யோசித்த சட்டம் போல!

சரி, நான் எதை முதலில் கட்டுவேன்?

குனிந்து பார்த்தேன். லேஸே இல்லாத ஷூ.