அப்பத்தா ஏறாத மலை

எங்கள் வீட்டில் வெறுமனே 'மலை' என்று சொன்னால் அது அழகர்மலை இல்லை. மேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் மொட்டைமாடி ஏறினால் அழகர்மலைதான் நீளமாகப் படுத்துக் கிடக்கும், இருந்தாலும் அது இல்லை. அப்பத்தா 'மலை' என்று சொல்வது கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில் மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கிற சிவனொளிபாத மலை. அப்பத்தா பிறந்தது, வாக்கப்பட்டது, எங்கள் அப்பாவைப் பெற்றது எல்லாமே அந்த மலை தெரிகிற ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தோட்டத்து ஆட்களின் வரிசை வீட்டில்தான். ராத்திரி லயத்து வாசலில் உட்கார்ந்தால் மலையில் விளக்கு வரிசை அடியில் இருந்து உச்சி வரைக்கும் பூமாலை மாதிரித் தொங்கும் என்று நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சொல்லும். இப்போதும் சொல்கிறது.

ஆனால் ஒரு தடவைகூட ஏறினது இல்லை!

அப்பாவுக்கு மூன்று வயதில் பெரிய காய்ச்சல் வந்து, பிழைக்காது என்று எல்லாரும் கைவிட்ட நேரத்தில், பிள்ளை பிழைத்தால் மலை ஏறி மணி அடிக்கிறேன் என்று அப்பத்தா நேர்ந்துகொண்டது. பிள்ளை பிழைத்துவிட்டது. அப்புறம் இந்த வருஷம் மாசமாக இருக்கிறேன், அடுத்த வருஷம் கைப்பிள்ளை, அதற்கடுத்த வருஷம் தாத்தாவுக்குக் கால் முறிவு என்று தள்ளிக்கொண்டே போனது. "மலை எங்க போயிரப் போகுதுன்னு இருந்துட்டோம்யா. மலை போகல, நாங்கதான் வந்துட்டோம்."

வந்தது 1972ல். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில், தோட்டத்து ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974ல் அவர்களையும் ஆளுக்குப் பாதி என்று பங்கு போட்டார்கள். சந்தையில் மாடு பிடிக்கிற கணக்கு மாதிரித்தான் எனக்குத் தோன்றும். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, தாத்தாவுக்குத் தாத்தா விட்டுவிட்டுப் போன ஊருக்கே திரும்பி வந்தார்கள். அங்கே 'இந்தியாக்காரவுக', இங்கே 'சிலோன்காரவுக'. இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு ஊரில் அதுதான் பெயர், கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள்கூட 'சிலோன்காரர் வீடு எது' என்றுதான் விசாரிப்பார்கள்.

போன மாசியில் ஒரு நாள் அப்பத்தா அப்பாவைக் கூப்பிட்டு, எனக்கு இனிமே முடியாது, உனக்குத்தானே நேர்ந்தேன், நீயே போயிட்டு வா என்றது. அப்பாவுக்கு வயது அறுபதைத் தாண்டி நாலைந்து வருஷம் ஆகிவிட்டது, முட்டிவலி வேறு. நான் துணை.

கிளம்புவதற்கு முந்தின நாள் அழகர்கோயில் போய், மேலே ஏறி ராக்காயி அம்மன் கோயிலில் நூபுர கங்கைத் தண்ணீர் ஒரு பாட்டில் பிடித்து வரச் சொன்னது அப்பத்தா. எதற்கு என்றால், தோட்டத்தில் ஒரு கருப்பன் இருக்கிறாராம், அழகர்மலைக் கருப்பனிடம் பிடிமண் எடுத்துக்கொண்டு போய் அங்கே வைத்த சாமி, அவருக்கு ஊர்த் தண்ணி காட்டி ரொம்ப நாள் ஆச்சு என்றது. கூடவே அழகர்கோயில் தோசை நாலு. உளுந்தும் நெய்யுமாகக் கனமாக இருக்கும், நாள் கணக்கில் கெடாது, தெரியும்தானே. பெருமாள் திரிவிக்கிரமனாகக் காலைத் தூக்கினபோது பிரம்மா அந்தப் பாதத்தைக் கழுவின தண்ணீர் சிலம்பில் பட்டு விழுந்ததுதான் நூபுர கங்கை என்பார்கள். ஒரு பாதம் கழுவின தண்ணீரை எடுத்துக்கொண்டு இன்னொரு பாதத்தைப் பார்க்கப் போகிறோம் என்பது எனக்கு விமானத்தில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

மதுரையில் இருந்து கொழும்பு ஒரு மணி நேரச் சொச்சம். மாட்டுத்தாவணியில் இருந்து திருச்சி போகிற நேரம்கூட இல்லை. பெல்ட் போட்டு, ஒரு ஜூஸ் கொடுத்து, அதைக் குடித்து முடிப்பதற்குள் இறக்கிவிட்டார்கள். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டு வந்தார், ஒன்றும் பேசவில்லை.

கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் இருந்து ஹட்டனுக்கு ரயில். நாவலப்பிட்டி தாண்டினதும் குளிர ஆரம்பித்தது, இரண்டு பக்கமும் தேயிலை, இடையிடையே தகரக் கூரை போட்ட லயங்கள், ஒவ்வொரு லயத்துக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கோபுரம். ஹட்டனில் இருந்து நல்லதண்ணிக்கு சுமார் 30 கிலோமீட்டர் பஸ். நோர்வூட் தாண்டி மஸ்கெலியா நெருங்கும்போது மவுஸ்ஸாக்கலை அணைத் தண்ணீர் தெரிந்தது, தண்ணீருக்கு அந்தக் கரையில் மலை. சுற்றி இருக்கிற மலைகளோடு சேராமல், யாரோ கூம்பு செய்து தனியாக வைத்த மாதிரி. அப்பா தண்ணீரைக் காட்டி, "இதுக்குள்ளதான்டா பழைய மஸ்கெலியா டவுன் இருக்கு" என்றார். 1960களின் கடைசியில் அணை கட்டினபோது ஊரே உள்ளே போய்விட்டது, கடைத்தெரு, கோயில் எல்லாம். தண்ணீர் ரொம்ப வற்றுகிற வருஷங்களில் பழைய கோயில் வெளியே தெரியும், சனங்கள் நடந்து போய்க் கும்பிட்டு வருவார்களாம். நாங்கள் போனபோது தண்ணீர் இருந்தது. அப்பா அந்தத் தண்ணீரைப் பார்த்தே ஒரு கும்பிடு போட்டார்.

முதலில் தோட்டம். அப்பா பிறந்த லயம் இன்னும் இருக்கிறது, கூரைத் தகரம் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். பத்தடிக்குப் பத்தடி அறை, முன்னால் ஒரு திண்ணை, அதில்தான் அடுப்பு. ஒரு அக்கா எங்களை யார் என்று கேட்டு, மதுரை என்றதும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, "தேத்தண்ணி குடிங்க" என்று சாயத் தண்ணியைக் கொடுத்து, உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்தது. சீனியை நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும். அப்பத்தா எங்கள் வீட்டில் இப்படித்தான் குடிக்கும், வறுமையில் வந்த பழக்கம் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன், அங்கே ஊரே அப்படித்தான் குடிக்கிறது.

"எங்க தாத்தாவும் மதுரப் பக்கந்தான்ணே. எந்த ஊருன்னுதான் தெரியாது" என்றது அந்த அக்கா.

கருப்பனைத் தேடிப் போனோம். அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு உருவம் கிடையாது, சந்தனம் பூசின பெரிய கதவுதான் சாமி. இங்கே கதவும் இல்லை. ஒரு மரத்தடியில் கல், இரண்டு அரிவாள், ஒரு சூலம், காய்ந்த எலுமிச்சம்பழம். பக்கத்திலேயே முனியாண்டி. கொழுந்து மலையைச் சுற்றி இப்படி ஏகப்பட்ட காவல் சாமிகள், அதில் எனக்குப் பிடித்தது ரோதமுனி. தேயிலைத் தொழிற்சாலைச் சக்கரத்துக்கு அங்கே 'ரோதை' என்று பெயர், அதற்குக் காவல் ரோதமுனி. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதற்கு, அதாவது கிளை கழிப்பதற்கு, ஒரு கவ்வாத்துச் சாமியும் உண்டு. கப்பலில் வந்து இறங்கின சாமிகளுக்கு ஊரில் பார்த்த வேலை இங்கே இல்லை, அவர்களும் தோட்டத்தில் பேர் பதிந்துகொண்டார்கள் போல. பாட்டிலைத் திறந்து நூபுர கங்கைத் தண்ணீரைக் கல்லில் ஊற்றினபோது அப்பா கை நடுங்கியது. தோசையில் ஒன்றைப் பிய்த்து அங்கே நின்ற பிள்ளைகளுக்குக் கொடுத்தோம், ஒரு பயல் வாயில் போட்டுவிட்டு முகத்தைச் சுளித்தான். பழகாத நாக்கு, அவனைக் குறை சொல்ல முடியாது.

மலையடிவாரத்து ஊருக்குப் பெயர் நல்லதண்ணி. நம் ஊரில் நல்ல தண்ணி என்றால் குடம் வைத்துச் சண்டை போடுகிற குழாய் ஞாபகம்தான் வரும். இங்கே ஊர் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற சத்தம். மார்கழிப் பௌர்ணமியில் இருந்து வைகாசிப் பௌர்ணமி வரைக்கும்தான் மலை சீசன், அந்த மாதங்களில் கடைகளும் கூட்டமுமாக இருக்கும், மிச்ச நாளில் மழையும் காற்றும்தான் என்றார்கள். சுடுதண்ணி உண்டு என்று சொல்லி அறை கொடுத்த விடுதியில் வந்ததெல்லாம் ஐஸ் தண்ணி. சரி, மாலை போட்டவன் மாதிரி நினைத்துக்கொண்டு குளித்தோம்.

ராத்திரி ஒன்றரைக்கு ஏற ஆரம்பித்தோம். மகர தோரண வாசல், ஜப்பான்காரர்கள் கட்டின வெள்ளைச் சமாதான ஸ்தூபி, அப்புறம் சீதகங்குல என்கிற ஓடை. அந்தப் பெயருக்குக் குளிர்ந்த ஆறு என்று அர்த்தமாம், காலை வைத்ததும் தானாகவே புரிந்தது. ஏழு கிலோமீட்டர், ஐயாயிரத்துச் சொச்சம் படிகள். 2,243 மீட்டர் உயரம் என்பது போர்டில் படிக்கத்தான் சுலபம். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறுகிற அம்மா, இரண்டு பேர் தாங்கலில் வெறுங்காலோடு ஏறுகிற தொண்ணூறு வயதுக் கிழவி, வெள்ளை உடுத்தின பள்ளிக்கூடப் பிள்ளைகள். எதிரே இறங்கி வருகிறவர்கள் 'கருணாவய்' என்று பாட்டாகச் சொல்லி வாழ்த்துவார்கள், ஏறுகிறவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு கூட்டம் 'அரோகரா' என்றது, நாங்கள் அதற்கும் பதில் போட்டோம். பாதி வழியில் ஒரு இடத்தில் கைப்பிடிக் கம்பி முழுக்க வெள்ளை நூல் சுற்றிக் கிடக்கிறது. புத்தர் அங்கே உட்கார்ந்து காவியைத் தைத்தார் என்று நம்பிக்கை, அதனால் முதல் தடவை ஏறுகிறவர்கள் நூல் விட வேண்டும். அப்பாவும் ஒரு உருண்டை வாங்கி விட்டுக்கொண்டே வந்தார். வாங்கும்போது கடைக்காரரிடம் சிங்களத்தில் நாலு வார்த்தை பேசினார்! ஐம்பது வருஷத்துக்கு மேலே பேசாத பாஷை. பேசிவிட்டு அவரே திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்.

பௌத்தருக்குப் புத்தர் பாதம், நமக்குச் சிவன் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதம் நபியின் பாதம். யார் பாதம் என்று இந்த மலையில் ஒருத்தரும் சண்டை போட்டு நான் பார்க்கவில்லை, மூச்சு வாங்குகிற இடத்தில் சண்டை எங்கே போட. ஆனால் மதுரைக்காரனுக்கு இதில் தனியாகப் பெருமைப்பட இரண்டு விஷயம் இருக்கிறது. இரத்தின தீவத்தில் சமந்த மலை உச்சியில் புத்தரின் பாதம் இருப்பதைத் தமிழில் மணிமேகலையில் பாடி வைத்த சாத்தனார், மதுரையில் தானியக் கடை வைத்திருந்தவர். இன்னொன்று இபின் பதூதா. மொராக்கோவில் இருந்து கிளம்பின அந்த ஊர்சுற்றி 1344ல் இந்த மலையில் ஏறினார், பிடித்து ஏற இரும்புச் சங்கிலிகள் இருந்ததை எழுதி வைத்திருக்கிறார். இறங்கினவர் கப்பல் ஏறி, நடுவில் கப்பல் உடைந்து கரை ஒதுங்கி, கடைசியில் வந்து சேர்ந்த இடம் மதுரை. அப்போது மதுரையில் சுல்தான் ஆட்சி, சுல்தான் அவருக்குப் பெண் வழியில் சொந்தம். வந்த நேரம் மதுரையில் கொள்ளைநோய். ஆக மதுரைக்கும் இந்த மலைக்கும் போக்குவரத்து நாங்கள் ஆரம்பித்தது இல்லை.

கடைசிப் படிகள் செங்குத்து. அப்பா பத்துப் படி ஏறுவார், கம்பியைப் பிடித்து நிற்பார். "எவ்வளவு தூரம்டா இருக்கு" என்று கேட்கவே இல்லை. அப்படிக் கேட்கக் கூடாது என்று அப்பத்தா சொல்லி அனுப்பியிருந்தது.

உச்சியில் இடம் கொஞ்சம்தான். பாறை மேல் ஒரு சின்னக் கோயில், உள்ளே பாதம். பாதம் என்றால் நேரடியாகப் பார்க்க முடியாது, துணி போர்த்தி, பூவும் காசுமாக மூடிக் கிடக்கிறது, நிஜப் பாதம் அதற்கும் கீழே என்கிறார்கள். வரிசை நகர்கிற வேகத்தில் நெற்றியைத் தரையில் வைத்து எடுக்கத்தான் நேரம். அங்கே இருக்கிறது இடது பாதம் என்று பௌத்தர்கள் சொல்வார்கள், அதைக் கேட்டதும் எனக்கு நம் மீனாட்சியம்மன் கோயில் வெள்ளியம்பலத்து நடராஜர் கண்முன் வந்தார். எல்லா ஊரிலும் வலக்காலை ஊன்றி ஆடுகிறவர், ராஜசேகர பாண்டியன் கேட்டான் என்பதற்காக மதுரையில் மட்டும் கால் மாறி, இடக்காலை ஊன்றி நிற்கிறார். ஊன்றின கால் இங்கே பதிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சாஸ்திரத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், அந்தக் குளிரில் எனக்கு அப்படித்தான் பட்டது, உடம்பு ஒரு தடவை சிலிர்த்தது.

சூரியன் வரும்போது மலையின் நிழல் முக்கோணமாக எதிர்ப்பக்கம் விழும் என்று அத்தனை பேரும் காத்திருந்தோம். மேகம் விடவில்லை. கிழக்கே கொஞ்சம் சிவந்து, உடனே வெள்ளையாகிவிட்டது. மிச்சத் தோசையைப் பிய்த்துத் தின்றோம், பக்கத்தில் இருந்த சிங்களக் குடும்பத்துக்கும் கொடுத்தோம். அவர்கள் முகம் சுளிக்கவில்லை, பாலும் சோறுமாகக் கட்டியாக வெட்டின ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

மணி அங்கேயே தொங்குகிறது. எத்தனை தடவை மலை ஏறியிருக்கிறோமோ அத்தனை தடவை அடிக்க வேண்டும் என்பது வழக்கம். முன்னால் நின்ற ஒரு பெரியவர் அடித்துக்கொண்டே இருந்தார், நான் பதினாறு வரைக்கும் எண்ணினேன். அப்பா ஒரே ஒரு தடவை அடித்தார். அடித்துவிட்டு மணி நாக்கை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார், பின்னால் இருந்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. நான் அடிக்கவில்லை, ஏனோ தோன்றவில்லை.

இறங்குவதுதான் முட்டியைக் கொன்றது.

ஊருக்கு வந்ததும் அப்பத்தாவிடம் காலியான பாட்டிலில் பிடித்து வந்த சீதகங்குலத் தண்ணீரைக் கொடுத்தோம். கொஞ்சம் குடித்து, மிச்சத்தைத் தலையில் தெளித்துக்கொண்டு, கருப்பன் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தது. அப்புறம் மணி அடித்தாயா என்று கேட்டது.

"அடிச்சேன் ஆத்தா. உனக்காக ஒரு தடவை."

"ஒரு தடவையா?"

"முத தடவதான ஏறுறேன். ஒண்ணுதான் அடிக்கணும்."

அப்பத்தா கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்தது. "அது என் நேத்திக்கடன்ல போயிருச்சு. நீ ஏறுனதுக்கு இன்னும் அடிக்கல. வர்ற மாசி போயி அடிச்சிட்டு வந்துரு."

அப்பா பதில் பேசாமல் தைலப் பாட்டிலை எடுத்து முட்டியில் தேய்க்க ஆரம்பித்தார்.