கீமோ ஓடும் நாய்க்கு மூத்திரத்தில் ரத்தம் வந்தால்

புற்றுநோய்க்குக் கீமோ ஓடும் நாய் சொட்டுச் சொட்டாக, சிவப்பாக மூத்திரம் போனால், மெடிக்கலில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆண்டிபயாடிக் வாங்கிக் கொடுக்கும் வழக்கம் நம் பக்கம் உண்டு. வேண்டாம். அந்த மாத்திரை நாய் உடம்பில் சீராக ஏறாது. அதைவிட, அங்கே கிருமியே இல்லாமலும் இருக்கலாம்.

லிம்போமாவுக்கு (நிணநீர்ப் புற்றுநோய்) கொடுக்கும் சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்து உடம்பில் சிதையும்போது அக்ரோலின் என்ற நச்சுப் பொருள் உண்டாகி மூத்திரத்தில் இறங்குகிறது. அது மூத்திரப் பையின் உட்சுவரைப் புண்ணாக்கிவிடும். முக்கல், ரத்தம், அடிக்கடி உட்காருவது எல்லாம் அச்சு அசலாகத் தொற்று போலவே இருக்கும். ஆண்டிபயாடிக் இதற்கு உதவாது. டாக்டரிடம் சொல்லி அந்த மருந்தை நிறுத்த வேண்டும். பை இப்படிப் புண்ணாகாமல் இருக்கத்தான் அந்த மருந்தைத் தொடக்கத்திலிருந்தே காலையில் கொடுத்து, தண்ணீர் நிறைய வைத்து, பகலெல்லாம் அடிக்கடி வெளியே அழைத்துப் போகச் சொல்கிறார்கள். தெருநாய்களுக்கு அதிகம் வரும் பிறப்புறுப்புக் கட்டிக்கு வின்கிரிஸ்டின் என்ற வேறு கீமோ மருந்து மட்டும் போட்டால் இந்த அக்ரோலின் தொல்லை கிடையாது.

பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை இதற்கு நேர்மாறு. தொற்று இருந்தாலும் எரிச்சலை மறைத்துவிடும். வெறுமனே நிறையக் குடிக்கிறது, நிறையப் போகிறது என்றுதான் தெரியும்.

ஆகவே கல்சர் (மூத்திரத்தில் கிருமி வளர்கிறதா என்ற லேப் சோதனை) பார்க்காமல் முடிவு செய்ய முடியாது. ஆண்டிபயாடிக் முதல் வேளைக்கு முன்பே, ஸ்கேன் பார்த்தபடி 22 கேஜ் ஊசியால் வயிற்று வழியாக மூத்திரத்தை எடுக்க வேண்டும். கப்பில் பிடித்ததில் தோல் கிருமியும் கலந்துவிடும். பிளேட்லெட் (ரத்தத்தை உறைய வைக்கும் அணுக்கள்) மிகக் குறைவாக இருந்தாலோ, பையிலேயே கட்டி என்று சந்தேகம் இருந்தாலோ ஊசி கூடாது. டியூப் போட்டு எடுப்பார்கள்.

தர்மபுரியிலிருந்து நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்கோ, ஓசூர் பக்கமிருந்து பெங்களூருக்கோ அந்த மூத்திரத்தை அனுப்புவதானால், முதலில் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக் வைத்து, குப்பியைத் துணியில் சுற்றுங்கள், உறையக் கூடாது. வெயிலில் பஸ் டிக்கியில் கிடந்தால் கிருமி பெருகி முடிவே தப்பாகும். 24 மணி நேரத்துக்குள் லேப் சேர வேண்டும்.

காய்ச்சல் வேறு கதை. பல கீமோ மருந்துகளில், கொடுத்த 7 முதல் 10 நாளில் வெள்ளணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் கல்சருக்குக் காத்திராமல் அன்றே கொண்டுபோங்கள். கிருமியை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோபில் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,000-க்குக் கீழே என்றால் நரம்பு வழியாகவே ஆண்டிபயாடிக் ஏற்றுவார்கள். பாராசிட்டமால், டைக்ளோஃபினாக் வீட்டில் தொடவே வேண்டாம். பிரெட்னிசலோனோடு டைக்ளோஃபினாக் சேர்ந்தால் குடல் புண்ணாகி ரத்தம் கசியும்.

கீமோ கொடுத்து மூன்று நாள் வரை மூத்திரத்தைக் கையுறை போட்டுத்தான் துடைக்க வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கம் போக வேண்டாம்.