ஹோம்ஸும் ஆச்சியும் ஒரு அருவியும்

நேத்து நைட்டு சாரல் விடாம அடிச்சிக்கிட்டு இருந்துச்சு, புளியரை ஏத்தத்துல லாரி திணறுற சத்தம் வேற, தூக்கம் வரலன்னு ஜெரமி பிரெட் நடிச்ச பழைய ஷெர்லாக் ஹோம்ஸ் துப்பறியும் சீரியல்ல 'தி ஃபைனல் பிராப்ளம்' போட்டேன். 1985ல வந்த எபிசோட். சுவிட்சர்லாந்துல கதை சொல்ற அதே ரைக்கன்பாக் அருவிக்கே போய் எடுத்திருக்காங்க, செட்டு கிட்டுன்னு ஏமாத்தல.

ஆச்சியும் பக்கத்துல வந்து உக்காந்துட்டா. ஹோம்ஸும் அவன் எதிரி மோரியார்ட்டியும் பாறை ஓரத்துல கட்டிப்புடிச்சு உருளுறானுவ, நான் மூச்சப் புடிச்சிட்டு பாக்கேன், ஆச்சி நிதானமா, "ஏல, கோட்டு சூட்டு போட்டுட்டா அருவிக்கு வருவானுவ? எண்ண கிண்ண தேச்சிட்டு வரலியா?"ங்கா. போச்சு சீனு.

சிரிச்சு முடிச்சிட்டு விளக்கினேன், ஆச்சி அது குளிக்கிற அருவி இல்ல, மொத்தமா 250 மீட்டர் உசரம், பாறையப் பாத்தியா, வழுக்குனா அவ்ளோதான்னு. "நம்ம பொங்குமாங்கடல விடவா?"ன்னு நம்ம மெயின் அருவி விழுற பள்ளத்த சொன்னா பாருங்க, குத்தாலத்துக்காரிகிட்ட வேற என்னத்த சொல்ல.

எனக்கு மனசுல நிக்கிறது சண்ட இல்ல. பொய் லெட்டர நம்பி கீழ போன ஹோம்ஸோட கூட்டாளி டாக்டர் வாட்சன் திரும்ப ஏறி வந்து, ஹோம்ஸோட சிகரெட் கேஸையும் அவன் எழுதி வச்சிட்டுப் போன கடுதாசியையும் பாக்குற எடம். வாட்சனா நடிச்ச டேவிட் பர்க் முகத்த மட்டும் பாருங்க, யப்பா.

அடுத்த சீசன்ல வாட்சனா எட்வர்ட் ஹார்ட்விக் வந்துருவாரு. இன்னிக்கு அத போட்டா ஆச்சி கண்டிப்பா கேப்பா, "டாக்டரு எங்கல, அவரும் விழுந்துட்டாரா?"ன்னு.