தார் பாலைவன நாட்குறிப்பு

ஜனவரி 18, ஜோத்பூர்

காலை பத்து மணிக்கும் குளிர் விடவில்லை. ஆட்டோ பிடித்து மெஹ்ரான்கர் கோட்டைக்குப் போனோம். பாறை எங்கே முடிகிறது, மதில் எங்கே தொடங்குகிறது என்று கீழிருந்து பார்த்தால் பிடிபடாது. ராவ் ஜோதா 1459-இல் இதைக் கட்டத் தொடங்கினார். அப்போது ராஜாராம் மேக்வால் என்பவரை அஸ்திவாரத்தில் உயிரோடு புதைத்ததாகச் சொல்கிறார்கள். அவர் நினைவாக ஒரு கல் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலோர் அதைக் கவனிக்காமலே மேலே ஏறுகிறார்கள்.

யானை ஓடிவந்து கதவை முட்ட முடியாதபடி பாதையை வளைத்து வளைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். 'லோஹா போல்' என்ற வாசலில் உடன்கட்டை ஏறிய ராணிகளின் கைத்தடங்கள். "இங்க போட்டோ வேண்டாம்டா" என்றாள் அக்கா. சரி, எடுக்கவில்லை.

உள்ளே பூல் மகால். கூரையெல்லாம் தங்கப் பூச்சு, வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். 18-ஆம் நூற்றாண்டில் மகாராஜா அபய் சிங் கட்டிய கேளிக்கை மண்டபம். தங்கம் அகமதாபாத் போரில் அள்ளி வந்தது என்கிறார்கள். அழகுதான், மறுக்க முடியாது.

ஜனவரி 19, ஜோத்பூர்

கோட்டையை ஒட்டி ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா என்று ஒன்று. அரண்மனைகளை விட்டுவிட்டு இங்கே வருகிறவர்கள் குறைவு. நான் வந்ததற்குக் காரணம் சீமைக் கருவேலம். எங்கள் ராமநாதபுரத்துக் கண்மாய்களை விழுங்கிய அதே மரம் இந்தக் குன்றையும் மூடிக்கிடந்திருக்கிறது. 1930களில் விமானத்திலிருந்து விதை தூவினார்களாம்! வெட்டினால் மறுபடி துளிர்க்கும், அது நமக்குத் தெரிந்த கதைதான். இங்கே 2006-இல் வேலை தொடங்கியபோது, கண்ட்வாலியா எனப்படும் கல்லுடைப்பவர்களை அழைத்திருக்கிறார்கள். அவர்கள் பாறையைத் தட்டி, வரும் சத்தத்தை வைத்தே எங்கே விரிசல், எங்கே கெட்டி என்று சொல்லிவிடுவார்கள். அப்படிப் பாறையைத் தோண்டி வேரோடு எடுத்த குழிகளிலேயே உள்ளூர்ச் செடிகளை நட்டிருக்கிறார்கள். நம் ஊரில் ஜேசிபி வைத்துப் பிடுங்கிவிட்டு அப்படியே விட்டுவிடுகிறோம். அடுத்த மழைக்குப் பழையபடி காடு.

மாலையில் மிளகாய் வடை. நம் பஜ்ஜிதான், உள்ளே உருளைக்கிழங்கு மசாலா. இரண்டோடு நிறுத்தியிருக்கலாம்.

ஜனவரி 20, கேஜர்லி

ஜோத்பூருக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 26 கிலோமீட்டர். கேஜ்ரி மரத்தின் பெயரால் அமைந்த கிராமம். கேஜ்ரி என்றால், விருத்தாசலம் கோயிலில் தலமரமாக நிற்கும் வன்னியேதான்.

1730-இல் அபய் சிங்கின் புது அரண்மனைக்குச் சுண்ணாம்பு தேவைப்பட்டது. காளவாய்க்கு விறகு வேண்டுமென்று ஆட்கள் இங்கே வந்தார்கள். பச்சை மரத்தை வெட்டுவது இங்கே வாழும் பிஷ்னோய் சமயத்தவரின் 29 நெறிகளுக்கு விரோதம். இறந்தவர்களை எரித்தால் விறகு செலவாகும் என்று புதைக்கிறவர்கள் அவர்கள். இந்த ஊர்ப் பெண் அமிர்தா தேவி மரத்தைக் கட்டிக்கொண்டார், அவரையே வெட்டினார்கள். அடுத்து அவருடைய மூன்று மகள்கள். பிறகு சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தெல்லாம் வந்து கட்டிக்கொண்டார்கள். மொத்தம் 363 பேர் உயிர்விட்டார்கள். தலையைக் கொடுத்தாவது மரம் பிழைத்தால் அது மலிவுதான் என்று அமிர்தா தேவி சொன்னதாகச் சொல்வார்கள்.

முந்தாநாள் வாயைப் பிளந்து பார்த்த தங்கக் கூரையும் இதே அபய் சிங்குடையதுதான். கோட்டையில் எங்களுக்குச் சுற்றிக்காட்டியவர் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. டிக்கெட்டோடு கேஜர்லிக்கு வழி சொல்லும் ஒரு துண்டுச்சீட்டாவது கொடுக்கலாம்.

மதியம் ஒரு வீட்டில் கம்பு ரொட்டியும் கேர் சாங்ரியும் போட்டார்கள். சாங்ரி என்பது வன்னிக்காய் வற்றல். நம் ஊரில் இலையைச் சாமிக்குப் போடுகிறோம், காயை யாரும் தொடுவதில்லை.

ஜனவரி 22, ஜெய்சால்மர்

1156-இல் எழுந்த கோட்டை. உள்ளே இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. துணி காய்கிறது, மாடு வழியை மறிக்கிறது. 2013-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

பீரங்கிக்கு அசையாததைக் குளியலறைகள் அசைத்துக்கொண்டிருக்கின்றன. முன்பு கடிசர் ஏரியிலிருந்து குடத்தில் சுமந்துவந்த தண்ணீர் சொட்டுக்கூட வீணாகாது. குழாய் வந்து, விடுதிகளும் பெருகியதும், கழிவுநீர் குன்றின் அடியிலுள்ள களிமண்ணில் இறங்கி, கொத்தளங்கள் சில சரிந்தே விட்டன. அதனால் வெளியேதான் அறை எடுத்தோம். உள்ளே தங்குவது எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு ஒப்பவில்லை.

ஜனவரி 23, குல்தாரா

பாலிவால் பிராமணர்கள் விட்டுப்போன ஊர். பேய்க்கதை கேட்கத்தான் கூட்டம் வருகிறது. திவான் சலீம் சிங் ஒரு பெண்ணைக் கேட்டதால் ஒரே இரவில் ஊரே கிளம்பியது என்பது கதை. வரியும் தண்ணீர்ப் பஞ்சமும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக விரட்டியிருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.

பார்க்க வேண்டியது அவர்களுடைய கடீன். சரிவின் அடியில் நீளமாக ஒரு மண்கரை. மழைக்காலத்தில் தேங்கும் நீர் மண்ணில் ஊறியதும், அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைக்கிறார்கள். அதற்குமேல் பாசனம் கிடையாது. இந்தப் பக்கத்தில் சில கடீன்கள் இன்னும் ஓடுகின்றன. ஒன்றில் கடலைச்செடி முழங்கால் உயரம் நின்றது. "நம்ம கண்மாய்க்குள்ளயே விதைக்கிற மாதிரில்ல இருக்கு" என்றாள் அக்கா. வயல்காரர் ஒரு கொத்து பச்சைக்கடலை பறித்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. ஜீப்பில் ஏறுவதற்குள் பாதியை அக்கா தின்றுவிட்டாள்.