சல்ஃபேட் முதலில் வரும்: ஒரு நீரியலாளரின் நாட்குறிப்பு

பிப்ரவரி 4

செம்புச் சுரங்கத்தின் காலாண்டு அறிக்கை மேசைக்கு வந்தது. முதல் பக்கத்திலேயே 'எல்லா அளவீடுகளும் வரம்புக்குள்' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட அறிக்கைகளை நான் பின்னாலிருந்துதான் படிப்பேன். முன்பக்கங்களை எழுதுகிறவர் வேறு, பின்னிணைப்பில் ஆய்வகத் தாள்களைச் சேர்க்கிறவர் வேறு. இரண்டாமவருக்கு அலங்காரம் தெரியாது.

கழிவுப் பாறை மேட்டுக்கும் ஓடைக்கும் நடுவே உள்ள கண்காணிப்புக் கிணற்றில் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; 7 நடுநிலை, இறங்க இறங்க அமிலம்) 7-ஐ விட்டு நகரவில்லை. சல்ஃபேட் மட்டும் ஒவ்வொரு காலாண்டும் ஏறிக்கொண்டே வருகிறது. இரண்டு இலக்கத்தில் இருந்தது, இப்போது மூன்று இலக்கம். கூடவே கால்சியமும் கடினத்தன்மையும். மேட்டுக்கு மேற்புறமுள்ள கிணற்றில் எதுவும் அசையவில்லை.

பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் கலந்த பாறையை உடைத்து வெளியே கொட்டினால், காற்றும் மழைநீரும் சேர்ந்து அதிலிருந்து கந்தக அமிலத்தை உண்டாக்கும். பக்கத்தில் சுண்ணாம்புப் பாறை இருந்தால் அது அமிலத்தைத் தின்றுவிடும், பிஎச் நன்றாகவே இருக்கும். அந்த அமிலத்தில் இருக்கும் சல்ஃபேட்டைப் பிடித்து நிறுத்தத்தான் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை, தண்ணீரோடு வந்துவிடும். சுண்ணாம்பு தீர்ந்த பிறகு பிஎச் சரியும், பின்னாலேயே இரும்பும் செம்பும் வரும். அன்றைக்குக் கண்டுபிடித்துச் சொல்ல அரசாங்க நீரியலாளர் தேவையில்லை. ஓடையே நிறம் மாறிச் சொல்லிவிடும்.

பிப்ரவரி 11

அதே கிணற்றில் மாதிரி எடுத்தோம். நிறுவனத்தின் சுற்றுச்சூழல் அலுவலரும் வந்திருந்தார். நல்ல பையன், வெயிலுக்கு அஞ்சாதவன்.

பிஎச் மானியை 4, 7, 10 கரைசல்களில் சரிபார்த்துவிட்டுத்தான் பம்பை இறக்கவிட்டேன். குழாய்க்குள் தேங்கிக் கிடக்கும் தண்ணீர் நிலத்தடி நீர் ஆகாது. அது வெளியேறி, வெப்பநிலையும் பிஎச்சும் மின்கடத்துதிறனும் அடுத்தடுத்த அளவீடுகளில் ஒரே இடத்தில் நிற்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். பொறுமையில்லாதவர்கள் எடுத்த மாதிரியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

உலோகங்களுக்கான பாட்டிலில் 0.45 மைக்ரான் வடிகட்டி வழியாகப் பிடித்து, நைட்ரிக் அமிலம் சொட்டினோம். அமிலம் விடாவிட்டால் இரும்பு வழியிலேயே துருவாகிப் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், ஆய்வகத்துக்குக் குறைந்த எண்தான் போய்ச் சேரும். சல்ஃபேட் பாட்டிலில் அமிலம் கூடாது. காரத்தன்மையை அங்கேயே அளந்தேன். ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரித்து, ஒன்று அவர்கள் ஆய்வகத்துக்கு, ஒன்று எங்களுடையதற்கு.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அந்தப் பையன் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "மேடம், இதில் என்ன குறை?" என்று கேட்டான். தெளிவுக்கு மயங்குகிறவர்களை நம்பித்தான் பல சுரங்கங்கள் பிழைக்கின்றன என்று நாக்கு நுனி வரை வந்தது. முடிவு வரட்டும் என்றேன்.

பிப்ரவரி 12

ஐஸ் பெட்டி ஒப்படைத்தாயிற்று. சீல், நேரம், கையெழுத்து.

பிப்ரவரி 20

ஓடையின் கீழ்ப்புறக் குடியிருப்பில் கூட்டம். கிணறுகளில் நீர்மட்டம் இறங்கிவிட்டது என்பது புகார். சுரங்கக் குழி காய்ந்திருக்க வேண்டுமென்றால் சுற்றிலுமுள்ள நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்தாக வேண்டும். மட்டம் குழியை நோக்கிச் சரியும். மழை குறைவுதான் காரணம் என்பது நிறுவனத்தின் பதில். மழையும் குறைவுதான், பொய்யில்லை.

இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி உண்டு. அதே மழை பெய்து, அதே வகைப் பாறையில், இறைப்பின் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கும் ஒரு கிணற்றை எடுத்துக்கொண்டேன். அங்கே மட்டம் கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது. அதைவிட அழுத்தமான சாட்சி குடியிருப்புக் கிணற்றில் நாங்கள் வைத்திருந்த பதிவுக் கருவியில் கிடைத்தது. பராமரிப்புக்காகச் சுரங்கப் பம்புகளை நிறுத்திய நாட்களில் கோடு மெல்ல மேலே ஏறுகிறது. பம்பை ஓட்டியதும் மறுபடி சாய்கிறது. ஒரு துளி மழையில்லாத வாரம் அது. வரைபடத்தைத் திரையில் போட்டேன். நிறுவனத்தார் அதன்பின் மழையைப் பற்றிப் பேசவில்லை.

பின்வரிசையில் இருந்த பெரியவர் எழுந்தார். "வரைபடம் இருக்கட்டும் அம்மா. தண்ணீரைக் குடிக்கலாமா, கூடாதா?"

"இன்றைக்குக் குடிக்கலாம் ஐயா. வருகிற ஆண்டுகளுக்கும் அதையே என்னால் சொல்ல முடியாது."

அவருக்கு அது பதிலாகப் படவில்லை.

மார்ச் 6

முடிவுகள் வந்துவிட்டன. எங்கள் எண்ணும் அவர்கள் எண்ணும் ஏறக்குறைய ஒன்றே. யாரும் எதையும் மறைக்கவில்லை, எனக்கு அதில் நிம்மதிதான். எண்ணில் சண்டையில்லை என்றால் பொருளைப் பற்றிப் பேசலாம்.

குடிநீரில் சல்ஃபேட்டுக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனம் வைக்கவில்லை. லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டினால் சுகாதார அதிகாரிகளுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது, அவ்வளவுதான். அந்தக் கணக்கில் 'வரம்புக்குள்' என்பது உண்மையே. வரம்பு இன்றைய தண்ணீரைப் பார்க்கிறது. என் கவலை மேட்டுக்குள் இன்னும் எவ்வளவு சுண்ணாம்பு மிச்சம் என்பதில்.

அனுமதி கேட்டபோது கொடுத்த பாறைச் சோதனைகளைத் தோண்டி எடுத்தேன். பாறைத் துகளில் காற்றும் நீரும் படவிட்டு அமிலம் வருகிறதா என்று பார்க்கும் ஈரப்பதக் கலச் சோதனையைக் குறைந்தபட்சமான 20 வாரத்தோடு நிறுத்தியிருக்கிறார்கள். சில பாறைகள் அதற்குள் அமிலம் காட்டவே காட்டாது. மேடு எத்தனை தலைமுறை அங்கே நிற்கப்போகிறதோ!

மார்ச் 14

கலந்தாய்வு. சுரங்கத்தை மூடிய பிறகு பம்புகளை நிறுத்திவிட்டுக் குழியை 'ஏரியாக' விடுவது நிறுவனத்தின் திட்டம். படத்தில் படகெல்லாம் வரைந்திருந்தார்கள்.

அமெரிக்காவில் மொன்டானாவின் பியூட் நகரில் உள்ள பெர்க்லி குழி என்ற பழைய செம்புச் சுரங்கத்தை எடுத்துச் சொன்னேன். 1982-இல் பம்புகள் நின்றன. செம்பும் அமிலமுமாகத் தண்ணீர் ஏறிக்கொண்டே போனது. 1995-இல் அதில் இறங்கிய பனி வாத்துகள் 342 செத்துக் கிடந்தன. தண்ணீரைச் சுத்திகரிக்கும் வேலைக்கு இன்றுவரை முடிவுத் தேதி கிடையாது. "அந்தப் பாறை வேறு" என்றார் அவர்களுடைய ஆலோசகர். வேறுதான். எவ்வளவு வேறு என்பதற்குச் சோதனை எங்கே என்று கேட்டேன். பக்கத்தைப் புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார்.

மார்ச் 27

ஆணை வெளியானது. கழிவுப் பாறையில் புதிய சோதனைகள், சல்ஃபேட்டுக்குத் தனி எச்சரிக்கை அளவு, மேட்டைச் சுற்றி மழைநீரைத் திருப்பிவிட வாய்க்கால், இரண்டு புதிய கண்காணிப்புக் கிணறுகள், காலாண்டுக்குப் பதில் மாதாமாதம் மாதிரி. கிணறுகளைச் சாலையோரம் வைத்தால் வண்டி போக வசதி என்றார்கள். தண்ணீர் பாறை வெடிப்பு வழியாகப் போகிறது, சாலை வழியாகப் போகவில்லை. வெடிப்பின் மேலேயே குறித்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 9

எல்லாவற்றுக்கும் அவகாசம் கேட்டு நிறுவனத்திடமிருந்து கடிதம். கிணறு தோண்டுவதற்குக் கொடுத்தேன். துளையிடும் வண்டி கிடைக்க நாளாகும் என்பது நியாயம். மாதாந்திர மாதிரிக்குக் கொடுக்கவில்லை. பழைய கிணறு அங்கேதான் இருக்கிறது, பாட்டில்களும் இருக்கின்றன.